செக் என்ஜின் விளக்கும் பிழைக் குறியீடுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரின் கணினி பதிவு செய்யும் பிழைக் குறியீட்டைப் படித்துக் காட்டும் ஸ்கேனர் இன்று கைபேசியின் விலையில் பத்தில் ஒரு பங்குக்குக் கிடைக்கிறது. அதனால் குறியீட்டைப் படிப்பது எளிதாகிவிட்டது. படித்ததைப் புரிந்துகொள்வதுதான் இன்னும் கடினமாக இருக்கிறது. சொந்தக் காரைத் தாமே ஓரளவு பார்த்துக்கொள்ள விரும்புவோரும், பட்டறையில் சொல்லப்படுவது சரிதானா என்று அறிய விரும்புவோரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

டாஷ்போர்டில் என்ஜின் வடிவ மஞ்சள் விளக்கு எரிகிறது. வண்டியை உடனே நிறுத்த வேண்டுமா?

விளக்கு நிலையாக எரிந்து, என்ஜின் ஓட்டத்தில் எந்த மாற்றமும் தெரியாவிட்டால், வீட்டுக்கோ பட்டறைக்கோ நிதானமாக ஓட்டிச் செல்லலாம். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் நிலைமை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே சைலன்சர் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது, அது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் (சைலன்சர் பாதையில் புகையைச் சுத்தப்படுத்தும் பாகம்) எரிந்து அதைக் கெடுக்கும் அளவுக்கு வந்துவிட்டது என்பதே அந்த மின்னலின் பொருள். அப்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பாதுகாப்பான இடத்தில் ஒதுக்கி நிறுத்துவதே சரி.

சிவப்பு நிறத்தில் ஆயில் விளக்கோ வெப்பநிலை விளக்கோ சேர்ந்து எரிந்தால், மஞ்சள் விளக்கை மறந்துவிட்டு என்ஜினை அணைத்துவிட வேண்டும்.

குறியீட்டை எங்கே, எதைக் கொண்டு படிப்பது?

ஸ்டீயரிங்குக்குக் கீழே, ஓட்டுநரின் முழங்கால் இருக்கும் பகுதியில், 16 ஊசிகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். சில கார்களில் அதன் மேல் ஒரு சிறு மூடி இருக்கும். அமெரிக்காவில் 1996 மாடல் ஆண்டிலிருந்து கட்டாயமாக்கப்பட்ட ஓபிடி-2 என்னும், கார் தன் குறைகளைத் தானே கண்டறியும் முறையின் சாக்கெட் இது. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 4 (பிஎஸ்4) புகை விதிகளின் கீழ் 2010 ஏப்ரலில் முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் ஓபிடி-2 கட்டமும் நடைமுறைக்கு வந்தன. ஆகவே அதற்குப் பின் வந்த எந்தக் காரிலும் பொதுவான ஸ்கேனர் என்ஜின் குறியீடுகளைப் படித்துவிடும்.

இஎல்எம்327 என்ற பெயரில் விற்கப்படும் சிறிய ப்ளூடூத் அடாப்டரும் கைபேசியில் ஒரு செயலியும் இருந்தால் என்ஜின் குறியீடுகளுக்குப் போதும். பழைய வகை ப்ளூடூத் அடாப்டர்கள் ஆண்ட்ராய்டில் மட்டுமே வேலை செய்யும். ஐபோன் வைத்திருப்போர் வைஃபை வகையையோ புதிய குறைசக்தி ப்ளூடூத் வகையையோ பார்த்து வாங்க வேண்டும். ஏர்பேக், ஏபிஎஸ் போன்ற பிற கணினிகளுக்குள் மலிவான அடாப்டர் பெரும்பாலும் நுழையாது.

அடாப்டரில் விளக்கே எரியவில்லையென்றால் அதைத் தூக்கி எறிவதற்கு முன் காரின் ஃபியூஸ் பெட்டியைப் பாருங்கள். சாக்கெட்டின் 16ஆம் ஊசிக்குப் பேட்டரியிலிருந்து மின்சாரம் ஒரு ஃபியூஸ் வழியாகவே வருகிறது. பல கார்களில் சிகரெட் லைட்டருக்கும் அதே ஃபியூஸ்தான். மலிவான கைபேசி சார்ஜர் ஒன்று அதை எரித்திருக்கக்கூடும்.

பி0171 என்பது போன்ற குறியீட்டை எப்படிப் பிரித்துப் படிப்பது?

முதல் எழுத்து எந்தப் பகுதி என்பதைக் காட்டும். ஆங்கிலத்தில் என்ஜின், கியர்பாக்ஸ் பகுதிக்கு ஓர் எழுத்தும் பாடிப் பகுதிக்கு வேறோர் எழுத்தும் இருந்தாலும், தமிழில் எழுதும்போது இரண்டும் "பி" ஆகிவிடுகின்றன. இந்தப் பக்கத்தில் வரும் பி யாவும் என்ஜின் வகையையே குறிக்கும். அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடு. 1 என்றால் அந்தந்த நிறுவனம் தனக்கென வைத்துக்கொண்டது, அதற்கு அந்த நிறுவனத்தின் பழுதுநீக்கக் கையேட்டையே பார்க்க வேண்டும். மூன்றாவது இடத்தில் 1, 2 வந்தால் எரிபொருளும் காற்றும், 3 வந்தால் மிஸ்ஃபயரும் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமை) இக்னிஷனும், 4 வந்தால் புகைக் கட்டுப்பாடு, 5 வந்தால் வேகமும் ஐடிலிங்கும் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது என்ஜின் ஓடுவது), 7 வந்தால் கியர்பாக்ஸ். கடைசி இரண்டு இலக்கங்கள் குறிப்பிட்ட குறையைச் சொல்கின்றன.

குறியீட்டில் ஒரு சென்சரின் பெயர் வருகிறது. அதை மாற்றிவிட்டால் போதாதா?

இந்த எண்ணம்தான் மக்களின் பணத்தை மிக அதிகமாகக் கரைக்கிறது. ஈசியு என்னும் என்ஜின் கணினிக்குக் கண் கிடையாது. அது வயர்களின் வழியே வரும் வோல்ட்டேஜை மட்டுமே பார்க்கிறது. எதிர்பார்த்த எல்லைக்குள் அந்த எண் இல்லையென்றாலோ, ஒரு சென்சர் சொல்வது மற்றொன்று சொல்வதோடு ஒத்துவரவில்லையென்றாலோ ஒரு குறியீட்டை எழுதி வைக்கிறது. அதாவது குறியீடு என்பது ஒரு புகார் மனு. மனுவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் முடிவு செய்வதில்லை.

எனக்கே நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். என் பெட்ரோல் காரில் பி0171, அதாவது கலவை லீன் (காற்றுக்குப் பெட்ரோல் குறைவு) என்ற குறியீடு வந்தது. பட்டறையில் ஆக்சிஜன் சென்சரை மாற்றினார்கள். பத்து நாளில் விளக்கு மீண்டும் எரிந்தது. புதிய சென்சரே பழுது என்று சொல்லி இன்னொன்றையும் மாற்றினார்கள். உண்மையில் எரிந்த புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கெட் ஓரத்தில் சிறு கசிவு இருந்தது. காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது "டிக் டிக்" என்று ஒலி வரும்; சூடேறி உலோகம் விரிந்ததும் அடங்கிவிடும். அந்த இடைவெளியில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட, அதிலிருந்த ஆக்சிஜனை சென்சர் நேர்மையாகவே தெரிவித்தது. கலவையில் பெட்ரோல் குறைவு என்று ஈசியு தவறாகப் புரிந்துகொண்டு மேலும் மேலும் ஊற்றியது. கேஸ்கெட்டின் விலை, மாற்றிய இரண்டு சென்சர்களின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

குறியீட்டைப் படித்தவுடன் அழித்துவிடலாமா?

அழிப்பதற்கு முன் "ஃப்ரீஸ் ஃப்ரேம்" எனப்படும் பதிவைக் குறித்துக்கொள்ளுங்கள், அல்லது திரையைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். குறை பதிவான அந்த நொடியில் என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றில் ஓடியது, வண்டி என்ன வேகத்தில் சென்றது, கூலன்ட் வெப்பநிலை என்ன, சுமை எவ்வளவு என்பன எல்லாம் அதில் இருக்கும். வேகம் 0, சுற்று 750, வெப்பம் 90 டிகிரி என்று இருந்தால், சிக்னலில் நின்றிருந்தபோது வந்த குறை. வேகம் 80, சுமை மிக அதிகம் என்று இருந்தால், மேட்டிலோ முந்திச் செல்லும்போதோ வந்தது. இரண்டுக்கும் தேட வேண்டிய இடம் வேறு. குறியீட்டை அழித்தால் இந்தப் பதிவும், ஈசியு மெல்ல மெல்லக் கற்றுவைத்திருந்த திருத்தங்களும், தன் சோதனைகளை முடித்துவிட்டதாக அது வைத்திருந்த கணக்கும் சேர்ந்து அழியும். பேட்டரி வயரைக் கழற்றி விளக்கை அணைக்கும் பழைய வழக்கமும் இதையேதான் செய்கிறது. கூடவே சில நாள் ஐடிலிங்கும் தடுமாறும்.

பல குறைகள் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் தென்பட்டால்தான் விளக்கு எரியும். முதல் ஓட்டத்தில் அது "பென்டிங்" என்ற பட்டியலில் காத்திருக்கும். ஆகவே விளக்கு எரியாதபோதும் அந்தப் பட்டியலைப் பார்ப்பது நல்ல வழக்கம். குறை உண்மையாகவே தீர்ந்துவிட்டால், பொதுவாக மூன்று ஓட்டங்களுக்குப் பின் விளக்கு தானே அணையும். சுமார் 40 முறை என்ஜின் சூடாகி ஆறியபின் குறியீடும் நினைவிலிருந்து நீங்கும்.

பி0171 வந்திருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

முதலில் அது எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்ப்போம். பெட்ரோல் முழுதாக எரிய, எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். ஆக்சிஜன் சென்சர் தரும் தகவலைக் கொண்டு ஈசியு பெட்ரோல் அளவை ஓயாமல் கூட்டியும் குறைத்தும் வருகிறது. அந்தத் திருத்தத்தையே ஃபியூயல் ட்ரிம் என்கிறோம். அந்தந்த நொடியின் திருத்தம் குறுகிய கால ட்ரிம். நாள்பட்ட பழக்கமாகிவிட்டது நீண்ட கால ட்ரிம். இரண்டையும் கூட்டினால் 10 சதவீதத்துக்குள் இருப்பது கவலைக்குரியது அல்ல. கூட்டுத்தொகை 25 சதவீதத்தை நெருங்கும்போது, "இதற்குமேல் என்னால் ஊற்ற இயலாது" என்று ஈசியு கைவிரிக்கும் நிலை வருகிறது, அதுவே பி0171.

இனி ஸ்கேனரை இணைத்து, என்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஐடிலிங்கில் ட்ரிம்மைப் பாருங்கள். பிறகு 2,500 சுற்றில் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். காற்றின் அளவை நேரடியாக அளக்கும் எம்ஏஎஃப் சென்சர் கொண்ட காரில், ஐடிலிங்கில் ட்ரிம் மிக உயர்ந்து, சுற்று கூடியதும் இறங்கினால், அது காற்று உள்ளே போகும் இன்டேக் பக்கக் கசிவு. விரிசல் விட்ட வேக்குவம் குழாய், என்ஜினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுவரும் பிசிவி குழாய், இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கெட் ஆகியவற்றைத் தேட வேண்டும். மாறாக, சுமை கூடக் கூட ட்ரிம்மும் கூடினால், பெட்ரோல் போதவில்லை அல்லது எம்ஏஎஃப் சென்சர் உண்மையைக் குறைத்துச் சொல்கிறது. எம்ஏஎஃப்பை அதற்கென்றே உள்ள ஸ்ப்ரேயால் கழுவிப் பார்க்கலாம். துணியோ விரலோ அதன் மெல்லிய கம்பியில் படக்கூடாது. பெட்ரோல் அழுத்தம் பல கார்களில் 3 முதல் 4 பார் வரை இருக்கும். நேரடி இன்ஜெக்‌ஷன் என்ஜின்களில் டேங்க் பம்ப்புக்குப் பின் உயர் அழுத்தப் பம்ப்பும் உண்டு என்பதால் அங்கே வீட்டுப் பரிசோதனை வேண்டாம்.

இணையத்தில் பெரும்பாலோர் சொல்லாத ஒன்று: நம் ஊரில் ஓடும் பல சிறிய பெட்ரோல் கார்களில் எம்ஏஎஃப் கிடையாது, மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் எம்ஏபி சென்சர்தான் உண்டு. அத்தகைய காரில் இன்டேக் கசிவு ஏற்பட்டால், உள்ளே நுழையும் காற்று அழுத்தத்தை உயர்த்துவதால், அது ஏற்கெனவே கணக்கில் வந்துவிடுகிறது. எனவே லீன் குறியீட்டுக்குப் பதில் ஐடிலிங் சுற்று உயர்வதும், பி0507 வருவதுமே அதிகம். எம்ஏபி காரில் பி0171 வந்தால் ஃபில்டர், பம்ப், அடைபட்ட இன்ஜெக்டர், எக்ஸாஸ்ட் கசிவு என்ற திசையில்தான் நான் முதலில் பார்ப்பேன்.

எத்தனால் கலப்பும் ட்ரிம்மை உயர்த்தும். எத்தனாலுக்கு ஒரு பங்குக்கு 9 பங்கு காற்றே போதும் என்பதால், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்குரிய விகிதம் சுமார் 13.5 ஆகிவிடுகிறது. அதே காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் ஊற்ற வேண்டியிருப்பதால் ட்ரிம் சில சதவீதம் ஏறும். அது மட்டுமே பி0171ஐக் கொண்டுவராது. ஏற்கெனவே 18 சதவீதத்தில் தள்ளாடிக்கொண்டிருந்த காரை எல்லை தாண்ட வைக்கும்.

மிஸ்ஃபயர் குறியீடு வந்தால் எல்லாக் காயில்களையும் மாற்ற வேண்டுமா?

தேவையில்லை. காயில் என்பது ஸ்பார்க் பிளக்குக்கு உயர் வோல்ட்டேஜ் தரும் பாகம். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0303 என்றால் மூன்றாவது. பி0300 என்றால் குறிப்பிட்ட ஒன்று அல்ல. முதல் சிலிண்டர் என்றால், என்ஜினை அணைத்துவிட்டு அதன் காயிலை மூன்றாவதற்கும் மூன்றாவதன் காயிலை முதலாவதற்கும் மாற்றிப் போட்டு, குறியீட்டை அழித்து ஓட்டிப் பாருங்கள். பி0303 வந்தால் குறை காயிலில். பி0301ஆகவே நின்றால் ஸ்பார்க் பிளக்கை அதே முறையில் இடம் மாற்றுங்கள். அதற்கும் அசையாவிட்டால் இன்ஜெக்டர், பிறகு சிலிண்டரின் கம்ப்ரஷன் அழுத்தம் ஆகியவற்றைப் பாருங்கள். ஓடும் என்ஜினில் காயிலைப் பிடுங்கிச் சோதிக்கும் பழைய முறை வேண்டாம். பல்லாயிரம் வோல்ட் அங்கே பாய்கிறது.

வாட்டர் வாஷ் செய்த மறுநாளோ, தேங்கிய மழைநீரில் ஓட்டியபின்னோ மிஸ்ஃபயர் தொடங்கினால், காயிலைக் கழற்றிப் பிளக் குழிக்குள் தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை.

"சர்க்யூட் உயர்", "சர்க்யூட் தாழ்" என்றெல்லாம் வருகிறதே, அவை என்ன?

அவை சென்சரின் சிக்னல் வோல்ட்டேஜ் மேல் எல்லையிலோ கீழ் எல்லையிலோ ஒட்டிக்கொண்டு நிற்பதைச் சொல்கின்றன. இவற்றைக் கண்டறிவது எல்லாவற்றிலும் எளிது. உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலைக்கான பி0113ஐ எடுத்துக்கொள்வோம். ஸ்கேனரில் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி என்று காட்டும். மதுரை வெயிலில் மைனஸ் 40 வர வழியில்லை. வயரிலோ சென்சருக்குள்ளோ எங்கோ இணைப்பு அறுந்திருக்கிறது என்பதே பொருள். சென்சரின் கனெக்டரைக் கழற்றி, வயர் பக்கத்து இரண்டு ஊசிகளையும் ஒரு சிறு வயர்த் துண்டால் இணையுங்கள். ஸ்கேனரில் எண் ஒரேயடியாக 100க்கு மேல் தாவினால், வயரிங்கும் ஈசியுவும் நலம், சென்சர்தான் போய்விட்டது. எண் அசையாவிட்டால் புதிய சென்சர் வாங்கிப் பயனில்லை, வயரைத் தேடுங்கள். இரண்டு வயர் கொண்ட வெப்பநிலை சென்சர்களுக்கு மட்டுமே இந்தச் சோதனை பொருந்தும். மூன்று வயர் சென்சரில் இப்படி இணைத்தால் 5 வோல்ட் வழியைத் தரையோடு சேர்த்துவிட நேரும்.

ஒரே நேரத்தில் எட்டுப் பத்துக் குறியீடுகள் வந்துவிட்டன. எதை முதலில் பார்ப்பது?

எதையும் அல்ல, பேட்டரியை. ஓய்வில் 12.6 வோல்ட் அளவிலும், என்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.7 வரையிலும் இருக்க வேண்டும். புதிய கார்கள் சிலவற்றில் ஈசியுவே ஆல்டர்னேட்டரைக் கட்டுப்படுத்துவதால் ஓட்டத்தில் சற்றுக் குறைவாகவும் காட்டும். ஸ்டார்ட் செய்யும்போது வோல்ட்டேஜ் மிகவும் விழுந்தால், ஒன்றோடொன்று தொடர்பில்லாத கணினிகள் எல்லாம் ஒருங்கே புலம்பும். அடுத்து எர்த். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மற்றதை என்ஜின் பிளாக்கிலும் வைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரின் முனை துருப்பிடித்திருக்கிறது. மூன்றாவது, பல சென்சர்களுக்கும் பொதுவான 5 வோல்ட் வழி. ஒரு சென்சர் உள்ளே ஷார்ட் ஆனாலும், அதே வழியில் உள்ள மற்றவையும் சேர்ந்து குறை காட்டும். ஒவ்வொன்றாகக் கனெக்டரைக் கழற்றிக்கொண்டே வந்தால், எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ அதுவே காரணம்.

பிறகு எலி. மழைக்காலத்தில் பானெட்டுக்குள் கதகதப்பு தேடி வரும் எலி, என்ஜினுக்குப் பின்புறம் கைக்கு எட்டாத இடத்தில்தான் வயரைக் கடித்து வைக்கும். புகையிலைப் பொட்டலம் கட்டித் தொங்கவிடுவோர் உண்டு. என் அனுபவத்தில் வாசம் இருக்கும்வரைதான் அதற்குப் பலன். கடிபட்ட வயரை முறுக்கி டேப் சுற்றுவதோடு நிறுத்தாமல், சால்டர் செய்து வெப்பத்தால் சுருங்கும் உறை போட்டால்தான் ஈரம் ஏறாது.

பி0420 வந்தால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மாற்றியே ஆக வேண்டுமா?

கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் ஓர் ஆக்சிஜன் சென்சர் உண்டு. முன்னதன் வோல்ட்டேஜ் ஏறி இறங்க, பின்னது ஏறக்குறைய அசையாமல் நிற்பதே நலமான நிலை. பின்னதும் முன்னதைப் போலவே ஆடத் தொடங்கினால் பி0420 பதிவாகும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் கலந்த அந்தப் பொருளின் விலை கருதி, மாற்றுவதைக் கடைசிக்கு வையுங்கள். மிஸ்ஃபயரோ லீன், ரிச் (பெட்ரோல் அதிகம்) குறியீடோ கூட இருந்தால் அதை முதலில் தீர்க்க வேண்டும். இல்லையேல் புதிய கன்வெர்ட்டரும் அதே வழியில் போகும். எக்ஸாஸ்ட் கசிவையும், என்ஜின் ஆயில் குடிக்கிறதா என்பதையும் பாருங்கள். உள்ளிருப்பதை உடைத்துக் காலி செய்து தருகிறேன் என்பவர்களிடம் வண்டியை விடாதீர்கள். புகை அதிகரிக்கும், சட்டத்துக்கும் புறம்பானது, விளக்கும் அணையாது.

பெட்ரோல் மூடியை இறுக்கினால் விளக்கு அணையும் என்கிறார்களே?

அது அமெரிக்கக் கார்களுக்கான அறிவுரை. அங்கே டேங்கின் ஆவிக் கசிவையும் ஈசியு சோதிப்பதால் மூடி தளர்ந்தாலே பி0455 வரும். இந்தியச் சந்தைக்கான பல கார்களில் அந்தச் சோதனை கிடையாது.

சிஎன்ஜி கிட் பொருத்திய காரில் அடிக்கடி விளக்கு எரிகிறது. ஏன்?

பின்னர் பொருத்தப்படும் கிட்கள் பெரும்பாலும் பெட்ரோல் இன்ஜெக்டருக்கு ஈசியு அனுப்பும் கட்டளையை இடைமறித்து, அதைக் கேஸ் அளவாக மாற்றிக்கொள்கின்றன. அந்தக் கணக்கு பிசகினால் பெட்ரோல் ஈசியுவின் ட்ரிம் கேஸில் ஒரு பக்கமும் பெட்ரோலில் மறுபக்கமும் இழுபடும். இரண்டு நாள் பெட்ரோலில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். குறை வராவிட்டால் கேஸ் ஃபில்டர், ரெட்யூசர் அழுத்தம், கிட்டின் ட்யூனிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

பிஎஸ்6 டீசல் காரில் டிபிஎஃப் குறியீடு வருகிறது. சுத்தம் செய்தால் போதுமா?

2020 ஏப்ரலில் பிஎஸ்6 (பாரத் ஸ்டேஜ் 6) புகை விதி வந்தபின் டீசல் கார்களின் சைலன்சர் பாதையில் கரித்துகளைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் என்னும் வடிகட்டி இடம்பெற்றது. சேர்ந்த கரியைச் சுமார் 600 டிகிரி வெப்பத்தில் அது தானே எரித்துக்கொள்ளும். ஆனால் அதற்கு நெடுஞ்சாலை ஓட்டம் வேண்டும். தினமும் நான்கு கிலோமீட்டர் நெரிசலில் ஓட்டி அணைத்தால் எரிப்பு பாதியிலேயே நின்று, கரி சேர்ந்து பி2463 வரும். கரியை எரிப்பதற்காகக் கூடுதலாக ஊற்றப்பட்ட டீசல் என்ஜின் ஆயிலில் கலந்து ஆயில் மட்டம் உயர்வதும் உண்டு. டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறியிருந்தால் ஆயிலை மாற்றாமல் ஓட்டக்கூடாது. வாரம் ஒருமுறை 20, 30 நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டுவது பலருக்குப் போதுமானது. அப்படி ஓட்டியும் அடைத்துக்கொண்டால், கரியை அளவுக்கு மேல் உண்டாக்கும் காரணம் வேறெங்கோ இருக்கிறது: புகையில் ஒரு பகுதியை மீண்டும் என்ஜினுக்குள் அனுப்பும் ஈஜிஆர், இன்ஜெக்டர், டர்போக் குழாயில் கசிவு.

வண்டியில் இழுவை இல்லை, ஆனால் குறியீடே இல்லை. அப்படியும் நடக்குமா?

நடக்கும். தேய்ந்த கிளட்ச், பிடித்துக்கொண்ட பிரேக் போன்றவை ஈசியுவின் பார்வைக்கே வராது.

பட்டறைக்குக் கொண்டுபோகும்போது என்ன கேட்க வேண்டும்?

குறியீட்டின் பெயரைக் கேட்பதோடு நிற்காமல், "எந்தச் சோதனையால் இந்தப் பாகம்தான் கெட்டது என்று முடிவு செய்தீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் வோல்ட்டேஜையோ, ட்ரிம் எண்ணையோ, இடம் மாற்றிப் பார்த்த காயிலையோ காட்டுவார். நீங்கள் படமெடுத்த ஃப்ரீஸ் ஃப்ரேமையும் குறை எப்போது வருகிறது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்: காலையிலா, மழையிலா, ஏசி போட்டாலா, டேங்க் நிரப்பியபின்னா. மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்து மூன்று நாள் வழக்கம்போல் ஓட்டியபின், விளக்கு எரியாவிட்டாலும் ஸ்கேனரை ஒருமுறை செருகி, பென்டிங் பட்டியல் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள்.